ஏசியை 18இல் வைத்தும் வேர்க்கிறது, 2 டன் வாங்கலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் மேல்மாடியில் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கிறேன். 150 சதுர அடி, நாலு பேர். ஒன்றரை டன் ஏசியை 18இல் வைத்தாலும் மதியம் மூன்று மணிக்கு மேல் எனக்கு வேர்க்கிறது. ஏசிக்கு நேர் எதிரே உட்காரும் பெண்ணோ ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார். சர்வீஸ் ஆள் வந்து பார்த்து கேஸ், ஃபில்டர் எல்லாம் சரி என்றுவிட்டார். கடைக்காரர் 2 டன் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம் சார், பணத்தை வையுங்கள். நாலு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்டூல் மேல் ஏறி கூரையைத் தொட்டுப் பாருங்கள். தோசைக்கல் மாதிரி இருந்தால் உங்கள் எதிரி அதுதான்.

நமக்குச் சூடு தெரிவது காற்றினால் மட்டும் இல்லை. சுற்றியிருக்கிற சுவரும் கூரையும் வீசுகிற அனலும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி சேர்கிறது, அதாவது காற்று 24 டிகிரி, சுவர் கூரை எல்லாம் சராசரியாக 32 என்றால் உங்கள் உடம்புக்கு அது 28 மாதிரிதான். ரிமோட்டில் தெரிகிற எண்ணுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அறையில் இருப்பவர்களுக்கு இதமாக இருக்கிறதா என்று கணக்கிட டென்மார்க் பேராசிரியர் ஃபாங்கர் 1970இல் வகுத்த முறையைத்தான் இன்றும் ஏசி கட்டடங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் காற்றின் சூடு, இந்த அனல், ஈரப்பதம், காற்றோட்டம், போட்டிருக்கும் துணி, செய்கிற வேலை என்று ஆறு விஷயம் சேர்கிறது. அந்தப் பெண்ணுக்குக் குளிர்காற்று நேரே மேலே அடிக்கிறது, நீங்கள் ஒருவேளை மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர். ஒரே அறையில் இரண்டு பேருக்கு இரண்டு வானிலை! எல்லாம் பொருந்தி வந்தாலும் நூற்றுக்கு 5 பேர் குறை சொல்லத்தான் செய்வார்கள் என்று அந்தக் கணக்கே சொல்கிறது, அதனால் நாலு பேரையும் ஒரேயடியாகத் திருப்திப்படுத்த முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள்.

சின்ன அறைக்குப் பெரிய ஏசி போட்டால், அதிலும் கம்ப்ரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற இன்வெர்ட்டர் வகையாக இல்லாவிட்டால், சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. அப்புறம் குளிரும் பிசுபிசுப்பும் ஒன்றாக இருக்கும்.

முதலில் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடியுங்கள், கட்டடம் வாடகை என்றால் ஓனரிடம் கேட்டுக்கொண்டு. ஏசியின் பிளேடை மேலே திருப்பிவிட்டு, சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிட்டு 25, 26இல் வைத்துப் பாருங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று ஸ்டார் ரேட்டிங் கொடுக்கும் பீ.ஈ.ஈ. சொல்கிறது, 2020 முதல் புது ஏசிகள் ஆரம்பத்திலேயே 24இல் வருவதும் அவர்கள் விதியால்தான். பெயிண்ட் அடித்தும் ஒரு வெயில் காலம் முழுக்க வேர்த்தால் அப்போது எழுதுங்கள், டன் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.