கடல் தாண்டியவர் ஒருவர், பெயர் வைத்தவர் இன்னொருவர்

கேள்வி: கொலம்பஸ் போய்ச் சேர்ந்த கண்டத்துக்கு இத்தாலியக் கடலோடி அமெரிகோ வெஸ்புச்சியின் பெயர் எப்படி வந்தது? ஏமாற்றி வாங்கிக்கொண்டார் என்கிறார்களே?

பதில்: பாவம், அந்தப் பழி அவருக்கு வேண்டாம். அவர் பெயரில் அச்சாகி உலவிய கடிதங்களில் மிகைப்படுத்தல் நிறைய உண்டு. ஆனால் கண்டத்துக்குத் தன் பெயரை வைக்கும்படி அவர் யாரையும் கேட்டதாகச் சான்று கிடையாது. வைத்தவர்கள் அட்லாண்டிக் பக்கமே போகாத இருவர். இன்றைய கிழக்கு பிரான்சில் உள்ள சான் தியே என்ற சிற்றூரில் வேலை செய்த மார்ட்டின் வால்ட்சீமுல்லரும் அவருடைய கூட்டாளி மத்தியாஸ் ரிங்மனும்தான் அவர்கள். 1507-இல் 12 தாள்களைச் சேர்த்து ஒட்டிப் பார்க்க வேண்டிய பெரிய உலகப் படம் ஒன்றை அச்சிட்டார்கள். படத்தின் மேல்பகுதியில் ஒரு பக்கம் பழங்காலப் புவியியலாளர் தாலமி, மறுபக்கம் வெஸ்புச்சி. கொலம்பஸ் தான் தொட்டது ஆசியா என்றே சாதித்துக்கொண்டிருக்க, அது புதிய நிலம் என்று அடித்துச் சொன்னவை வெஸ்புச்சியின் கடிதங்கள். ஆகவே மரியாதை அவருக்கு. ஐரோப்பா, ஆசியா எல்லாம் பெண்பாற் பெயர்கள் என்பதால், லத்தீனில் 'அமெரிக்கஸ்' என்றிருந்த அவர் பெயர் 'அமெரிக்கா' ஆயிற்று. தென் அமெரிக்காவின் மேல் மட்டும்தான் அன்று அதை எழுதினார்கள்.

வேடிக்கை இனிமேல்தான். 1513-இல் வெளிவந்த படத்தில் வால்ட்சீமுல்லரே அந்தப் பெயரை நீக்கிவிட்டு, கண்டுபிடித்த பெருமையைக் கொலம்பஸுக்குக் கொடுத்தார். யார் கேட்டார்கள்? பெயர் அதற்குள் ஊர் பரவிவிட்டது. 1538-இல் வரைபடக்காரர் மெர்கேட்டர் வட அமெரிக்காவுக்கும் அதையே எழுதிவிட்டார். 1507 படத்தின் பிரதிகளில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. 1901-இல் ஜெர்மனியின் வோல்ஃபெக் கோட்டையில் அகப்பட்ட அதை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1 கோடி டாலருக்கு வாங்கி வைத்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் கொலம்பஸுக்குக் கிடைத்தது கொலம்பியா மட்டும்தானா?

பதில்: நாடு என்று பார்த்தால் அவ்வளவுதான். அந்த மண்ணிலும் அவர் கால் வைத்ததில்லை. ஸ்பெயினிடமிருந்து விடுதலை கேட்டுப் போராடிய பிரான்சிஸ்கோ தெ மிராண்டா, ஸ்பானிய அமெரிக்கா முழுவதற்குமாகச் சேர்த்து யோசித்த பெயர் அது. 1819-இல் விடுதலைப் போர்த் தலைவர் பொலிவார் அதைத் தன் பெரிய குடியரசுக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் குடியரசு உடைந்தபின் இன்றைய கொலம்பியா சில காலம் நியூ கிரனாடா என்று இருந்துவிட்டு, 1863-இல்தான் பழைய பெயருக்குத் திரும்பியது. அதே தென் அமெரிக்காவிலுள்ள பொலிவியா பயணியின் பெயர் அல்ல, அது பொலிவாருடையது.

கேள்வி: இந்தக் கடலோடிகள் தங்கள் பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்களா?

பதில்: மிக அபூர்வம். படியளக்கிறவர் பெயரை வைத்தால்தான் அடுத்த கப்பல் கிடைக்கும். 1642-இல் ஆபெல் டாஸ்மன் தான் கண்ட தீவுக்கு, பட்டாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) தன்னை அனுப்பிய டச்சு கவர்னர் ஜெனரல் வான் டீமனின் பெயரை வைத்தார். பிற்பாடு பிரிட்டன் அங்கே கைதிகளைக் கொண்டுபோய்க் கொட்டியதில், வான் டீமன் நிலம் என்றாலே ஜனங்கள் முகம் சுளித்தார்கள். 1853-இல் கைதிகளை அனுப்புவது நின்றது. 1856-இல் கெட்ட பெயரைத் தலைமுழுகுவதற்காக டாஸ்மேனியா என்று மாற்றினார்கள். மகெல்லன் தன் நீரிணைக்கு இட்டது அனைத்துப் புனிதர்களின் பெயர். குக் தீவுகளின் கதையும் இப்படித்தான்: குக் வைத்தது ஹெர்வி என்ற பெயர், குக் என்று மாற்றி எழுதியது ரஷ்யப் படம். அங்குள்ள பெரிய தீவான ரரோடொங்காவை அவர் பார்த்ததே இல்லை.

கேள்வி: மார்ஷல் தீவுகளின் மார்ஷல் யார்?

பதில்: சரக்குக் கப்பல் தலைவர். 1788-இல் ஜான் மார்ஷலும் தாமஸ் கில்பர்ட்டும் ஆஸ்திரேலியாவில் கைதிகளை இறக்கிவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேயிலை ஏற்றச் சீனாவுக்குப் போனார்கள். வழியில் சில தீவுகள் கண்ணில் பட்டன, அவ்வளவே. மார்ஷல் தீவுகளை ஸ்பானியர்கள் 1520-களிலேயே பார்த்துவிட்டார்கள், அங்கே மக்கள் குடியிருந்ததோ அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு. கில்பர்ட் தீவுகள் 1979-இல் விடுதலை பெற்று கிரிபாட்டி நாட்டின் முக்கியப் பகுதி ஆயின. புதுப்பெயர் போலத் தோன்றும்; உண்மையில் அத்தீவு மக்கள் வாயில் 'கில்பர்ட்ஸ்' அப்படித்தான் வரும். எழுத்தில் 'டி' என்று முடிந்தாலும் அவர்கள் சொல்வது 'கிரிபாஸ்'.

கேள்வி: பாக் நீரிணையின் பாக், எவரெஸ்ட் சிகரத்தின் எவரெஸ்ட் ஆகியோரும் பயணிகளா?

பதில்: இல்லை. ராபர்ட் பாக் பாதிரியாராக வந்து 1763 முதல் 1767 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர். ஜார்ஜ் எவரெஸ்ட் இந்தியாவின் சர்வேயர் ஜெனரல். அவருக்குப்பின் அந்தப் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ வா முன்மொழிந்து, 1865-இல் பெயர் உறுதியானது. இந்தியர்களால் இதை உச்சரிக்க முடியாது என்று எவரெஸ்டே ஆட்சேபித்தார். அவர் தன் பெயரைச் சொன்னது 'ஈவ்ரெஸ்ட்' என்று. ஆக, உலகமே இன்று தப்பாகத்தான் சொல்கிறது.

கேள்வி: காங்கோ ஜனநாயகக் குடியரசின் ஸ்டான்லிவில் நகரம் கிசங்கானி ஆகிவிட்டது. ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள இன்னொரு காங்கோவில் மட்டும் தலைநகர் பிராசவில் ஏன் அப்படியே இருக்கிறது?

பதில்: ஆளைப் பொறுத்தது. ஸ்டான்லி, பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கொடுங்கோலுக்கு வழி திறந்துவிட்ட பயணி. 1966-இல் அவர் பெயர் போனது. பிராசவில்லுக்குப் பெயர் தந்த பயணி பிராசாவும் பேரரசின் ஆள்தான், 1880-இல் டெக்கே மக்களின் அரசரிடம் ஒப்பந்தம் வாங்கியே பிரான்சுக்கு இடம் பிடித்தார். ஆனால் 1905-இல் அங்கே நடந்த அட்டூழியங்களை விசாரிக்கப் போனவரும் அவரே. திரும்பும் வழியில் இறந்தார், அறிக்கையைப் பிரான்ஸ் அமுக்கிவிட்டது. 2006-இல் அவர் எச்சங்களை அல்ஜியர்ஸிலிருந்து கொண்டுவந்து பிராசவில்லில் பளிங்கு மண்டபம் கட்டினார்கள். ஏழை நாட்டுக்கு இந்தச் செலவு தேவையா என்று கண்டனமும் எழுந்தது. எனக்கு அந்தக் கண்டனத்தில் நியாயம் தெரிகிறது.

கேள்வி: பெண்கள் பெயரில் எதுவுமே இல்லையா?

பதில்: அரசிகள் பெயரில் ஏராளம். பயணம் போன பெண்களுக்குக் கொஞ்சம்தான். அண்டார்க்டிகாவில் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் இருக்கும் கடற்கரை, 1930-களில் பல முறை அங்கே கப்பலில் போன நார்வேப் பெண்மணி இங்கிரிட் கிறிஸ்டென்சனின் பெயரைத் தாங்கியது. அதிலும் ஒரு சங்கதி: பெயர் வைத்தவர் அவர் கணவரின் திமிங்கல வேட்டை நிறுவனக் கப்பல் தலைவர். அந்தத் தலைவரின் மனைவி கரோலின் மிக்கெல்சன் பெயரிலும் அங்கே ஒரு மலை உண்டு.