விரிப்பை மெஷினில் போடலாமா? கேள்வி பதில்

ஈரோட்டில் இருபது வருடத்துக்கு மேல் வாஷிங் மெஷின் பழுது பார்த்தவன் நான். மாமனார் வீடு பவானி. அங்கே பொழுது விடிவதே தறிச் சத்தத்தில்தான். அதனால் மெஷினும் தெரியும், ஜமக்காளமும் ஓரளவு தெரியும். கால்மிதி, ஜமக்காளம், கார்பெட் இவற்றை வீட்டு மெஷினில் துவைப்பது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, சீர்வரிசையில் வந்த பவானி ஜமக்காளம் ஒன்று இருக்கிறது. எங்களுடையது 7 கிலோ டாப் லோட் மெஷின். போடலாமா?

முதலில் எடை பாருங்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவி இருந்தால் ஜமக்காளத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, சும்மா ஒரு தடவை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். மெஷினில் போட்டிருக்கும் 7 கிலோ என்பது காய்ந்த துணிக்கான கணக்கு. அதுவும் சட்டை, புடவை, துண்டு என்று தனித்தனியாகப் புரளும் துணிக்கு. ஜமக்காளம் ஒரே உருப்படி, புரளாது. அதனால் நான் பாதிதான் கணக்கு வைப்பேன். 7 கிலோ மெஷினில் மூன்று, மூன்றரை கிலோ வரை போடலாம். கெட்டி நூல் ஜமக்காளம் தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைச் சாதாரணமாகக் குடித்துவிடும். 3 கிலோ போட்டால் உள்ளே கிடப்பது 9 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாயம். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து, சிவப்புப் பட்டையிலும் பச்சைப் பட்டையிலும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் மெஷின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். ஒட்டாவிட்டாலும் தனியாகத்தான் போட வேண்டும், பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும்.

பவானி ஜமக்காளத்துக்கு 2005-06லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதில் முழுக்கப் பருத்தி நூலில் நெய்ததும் உண்டு, செயற்கைப் பட்டு நூலில் பளபளவென்று கரை வைத்ததும் உண்டு. செயற்கைப் பட்டு நனைந்தால் பலம் பாதியாகிவிடும். காய்ந்த பிறகு பழையபடி ஆகிவிடும் என்றாலும், நனைந்த நேரத்தில் டிரம்மில் போட்டு முறுக்கினால் கரை பிய்ந்து நூல் தொங்கும். உங்களுடையது சீர்வரிசை ஜமக்காளம் என்கிறீர்கள், கரை மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் கையால் அலசுங்கள்.

கேள்வி: போட்டேன் அண்ணா, சாதா ஜமக்காளம்தான். ஸ்பின் வந்ததும் மெஷின் தடதடவென்று ஆடி, சுவரை விட்டு ஒரு அடி நகர்ந்துவிட்டது. மெஷின் பழுதா?

பழுதாக இருக்காது. ஆனால் அப்படியே விட்டால் பழுதாகும். ஜமக்காளம் ஒரு பக்கமாகச் சுருண்டு ஒதுங்கியிருக்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். அரை மீட்டர் அகல டிரம், நிமிடத்துக்கு 700 சுற்று. ஒரு பக்கம் ஒரே ஒரு கிலோ கூடுதலாக இருந்தால், அந்த ஒரு கிலோ டிரம்மை வெளியே இழுப்பது 130 கிலோவுக்கு மேல். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் திசையிலும் மாறி மாறி. மெஷின் நடக்காமல் என்ன செய்யும்?

இப்போது வரும் மெஷின்கள் இதைக் கண்டுபிடித்து, மறுபடி தண்ணீர் விட்டுத் துணியைப் பிரித்துப் பார்க்கும். முடியாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். நம்மவர்கள் அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு அதை வற்புறுத்திச் சுற்ற வைப்பார்கள். மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கியவரையும் பார்த்திருக்கிறேன். டிரம்மைத் தாங்கி ஆட்டத்தை அடக்கும் கம்பியான சஸ்பென்ஷன் ராட் போவது இப்படித்தான்.

மெஷினை நிறுத்தி, ஜமக்காளத்தை டிரம்மின் சுவரை ஒட்டி வளையமாகச் சுற்றி வையுங்கள். நடுவில் பள்ளம் இருக்க வேண்டும். சிறிய கால்மிதி என்றால் ஒன்றை மட்டும் போடாமல், ஒரே மாதிரி இரண்டை எதிரெதிரே வையுங்கள். ஸ்பின் வேகத்தை இருப்பதிலேயே குறைவாக வையுங்கள்.

இன்னொன்று. முழு முதுகும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒட்டிய விரிப்பு, ரெக்ஸின், தண்ணீர் புகாத மெத்தை உறை, இவற்றை ஸ்பின்னில் போடவே கூடாது. தண்ணீர் அதன் வழியாக வெளியேற முடியாமல் பை மாதிரி தேங்கி நிற்கும். முழு வேகத்தில் சுற்றும்போது அந்தப் பை திடீரென்று இடம் மாறினால் மெஷினே புரண்டு விழலாம். மெஷினோடு வரும் சிறு புத்தகத்தில் இதை எச்சரிக்கையாகவே போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை யார் படிக்கிறோம்.

கேள்வி: பாத்ரூம் வாசலில் போடும் கால்மிதியைத் துவைத்தேன். துணியெல்லாம் வெள்ளை வெள்ளையாய் ரவை மாதிரி ஒட்டியிருக்கிறது. இது என்ன சார்?

கால்மிதியின் முதுகு அது. எல்லோரும் விரிப்பின் முகத்தைப் பார்த்துத்தான் துவைக்கலாமா என்று கேட்கிறார்கள். பஞ்சு மாதிரி இருக்கிறது, பருத்தி மாதிரி இருக்கிறது என்று வர்ணிக்கிறார்கள். மெஷினுக்கு முகம் பெரிய விஷயமில்லை. புரட்டிப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே நெசவாக இருந்தால் பிரச்சினை குறைவு. எடையும் சாயமும் பார்த்துப் போட்டுவிடலாம்.

முதுகில் வழுக்காமல் இருக்க ரப்பர் பால் பூசியிருந்தாலோ, புள்ளி புள்ளியாக வைத்திருந்தாலோ கட்டை விரலால் நன்றாகத் தேயுங்கள். பொடி உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது, இனி கையால்தான். உதிராவிட்டால் பச்சைத் தண்ணீரில், மென்மையான ஓட்டத்தில், ஜிப் வைத்த பழைய தலையணை உறைக்குள் போட்டுத் துவைக்கலாம். வெந்நீர், பிளீச், டிரையர் மூன்றும் ரப்பருக்கு எமன். காய்ந்து வெடித்து, அடுத்த துவையலில் ரவையாகக் கொட்டும்.

கடையில் மெத்தென்று அழகாக இருக்கும் சில கார்பெட்டின் முதுகில் காடாத் துணி ஒட்டியிருக்கும். துணிக்கு அடியில் இருப்பது பசை. மேலே இருக்கும் நூலைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தப் பசைதான், முடிச்சு கிடையாது. மெஷினில் போட்டால் காடா ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். பசைக்குள் தண்ணீர் புகுந்தால் லேசில் காயாது, நாற்றமும் போகாது.

ஒரு வீட்டில் தண்ணீர் வெளியேறவில்லை என்று கூப்பிட்டார்கள். முன்பக்கக் கீழ் மூடியைக் கழற்றி பில்டரை எடுத்தால் இரண்டு கைப்பிடி ரப்பர்ச் சோறு. பம்ப் விசிறியிலும் சுற்றிக்கொண்டிருந்தது. புது பம்ப் போட வேண்டியதாயிற்று. அந்தக் கால்மிதி 150 ரூபாய் என்றார்கள்.

உங்களுக்கு இப்போது வேலை: துணிகளை ஈரமாகத் தேய்க்காமல் காய வைத்து உதறுங்கள், உதிர்ந்துவிடும். பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். துணி போடாமல் மெஷினை ஒரு தடவை ஓட்டி விடுங்கள்.

கேள்வி: பையனுக்கு வீசிங். தூசிப் பூச்சிதான் காரணம் என்கிறார்கள். ஃபிரண்ட் லோடில் 60 டிகிரி வைத்து எல்லா விரிப்பையும் துவைத்துவிடலாமா?

60 டிகிரியில் அந்தப் பூச்சி செத்துவிடும் என்பது உண்மை. பச்சைத் தண்ணீரில் பெரும்பாலும் சாகாது, ஆனால் அதன் கழிவு நிறைய அலசிப் போய்விடும். மூச்சுக்கு ஒவ்வாதது முக்கியமாக அந்தக் கழிவுதான். சிக்கல் என்னவென்றால், 60 டிகிரியைத் தாங்குவது முதுகில் ஒன்றும் ஒட்டாத, சாயம் கெட்டியான பருத்தி மட்டும்தான். அதுவும் கொஞ்சம் சுருங்கும். விரிப்பில் தைத்திருக்கும் சீட்டில் தண்ணீர்த் தொட்டி படம் போட்டு அதற்குள் எண் இருக்கும், அந்தச் சூட்டைத் தாண்டக் கூடாது. தொட்டி மேல் குறுக்கே அடித்திருந்தால் தண்ணீரிலேயே போடக் கூடாது. உள்ளே ஒரு வட்டமும் வெளியே ஒரு சதுரமும் இருந்தால் அது டிரையரைக் குறிப்பது.

என்னைக் கேட்டால், வீசிங் இருக்கும் பிள்ளை படுக்கும் அறையில் விரிப்பே வேண்டாம். வெறும் தரையைத் தினம் ஈரத்துணியால் துடைத்தால் போதும். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: சாம்பார் கொட்டிய இடத்தில் சோப்பு போட்டதும் கறை சிவப்பாகிவிட்டது. பயந்துவிட்டேன்.

பயப்பட வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதேதான் இது. சோப்பும் காரம்தான். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். எண்ணெய்ப் பசைக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துவிட்டு மெஷினில் போடுங்கள். மிச்ச மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும், மஞ்சள் நிறம் வெயிலில் நிற்காது. ஆனால் ஜமக்காளத்தின் சாயமும் வெயிலில் வெளுக்கும் என்பதால் கறை பட்ட இடத்தை மட்டும் வெயிலுக்குக் காட்டி, மற்றதை மடித்து வையுங்கள்.

கேள்வி: குழந்தை விரிப்பில் மூத்திரம் போய்விடுகிறது, கூடவே நாயும். பிளீச்சும் வினிகரும் சேர்த்து ஊற்றினால் வாடை போகும் என்று ஒருவர் சொன்னார்.

தயவுசெய்து வேண்டாம். பிளீச்சோடு வினிகரோ பாத்ரூம் ஆசிடோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. மூத்திரத்தின் மேல் நேராகப் பிளீச் ஊற்றினாலும், அதிலிருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் வாயு வரும்.

ஈரமாக இருக்கும்போதே பழந்துணி போட்டு ஒற்றி எடுங்கள். பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை அலசுங்கள். அப்புறம் என்சைம் உள்ள சோப்புத்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் ஊற வைத்து, பிறகு மெஷினில் போடுங்கள். நாய் முடியை மட்டும் காய்ந்திருக்கும்போதே உதறி, துடைத்து எடுத்துவிட வேண்டும். நனைந்த முடி நேராகப் பில்டருக்குத்தான் போகும்.

கேள்வி: சணல் விரிப்பு, தென்னை நார் மிதியடி, பத்தமடைப் பாய்?

மூன்றும் மெஷினுக்கு ஆகாது. சணல் நனைந்து மெதுவாகக் காய்ந்தால் பழுப்புக் கறை எழும்பும். நார் மிதியடியைத் தலைகீழாகப் போட்டுக் கட்டையால் நாலு தட்டு. பாயை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள்.

கேள்வி: மெஷினில் வுல் என்று ஒரு புரோகிராம் இருக்கிறதே, காஷ்மீர் கார்பெட்டை அதில் போட்டால் என்ன?

போட்டால் கார்பெட்டைப் பற்றி அடுத்த கேள்வி கேட்க வேண்டியிருக்காது. அந்த புரோகிராம் ஒன்றிரண்டு ஸ்வெட்டருக்கானது. ஆட்டு முடியின் மேல் ஓடு ஓடாகச் செதில் இருக்கும். சூடும் சோப்பும் உருட்டலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும், பிறகு பிரியாது. காஷ்மீரில் பட்டிலும் கார்பெட் செய்கிறார்கள், அது இன்னும் நோஞ்சான். கையால் முடிச்சுப் போட்ட எதையும் அதற்கென்று இருக்கும் ஆளிடம் கொடுங்கள். காசு பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது செமி ஆட்டோமேட்டிக்.

துவைக்கும் தொட்டியில் சின்னக் கால்மிதிகளைப் போடலாம், தாராளமாகத் தண்ணீர் விட்டு. பிழியும் தொட்டி ரொம்பக் குறுகல், அதில் கெட்டி விரிப்பைத் திணித்தால் மோட்டார் முனகும். கொடியில் போட்டுத் தண்ணீர் வடியவிடுவதே மேல்.

கேள்வி: எங்கள் ஊரில் போர் தண்ணீர். எவ்வளவு தூள் போட்டாலும் நுரை வரவில்லை, ஆனால் காய்ந்த ஜமக்காளத்தில் மொடமொடப்பு.

உப்புத் தண்ணீரில் நுரை வராது. நுரைக்காகத் தூளைக் கூட்டக் கூட்ட அது நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கெட்டி நெசவிலிருந்து சோப்பை எடுப்பது எளிதல்ல. தூளைப் பாதியாக்குங்கள், அலசலை ஒன்று கூட்டுங்கள். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ கிடைத்தால் இன்னும் நல்லது. கம்ஃபர்ட் மாதிரி மணத் திரவம் கால்மிதிக்கு வேண்டாம், நூலில் படலமாகப் படிந்து ஈரம் உறிஞ்சுவது குறையும்.

கேள்வி: ஐப்பசி மழையில் துவைத்துவிட்டேன். மூன்று நாளாகக் காயவில்லை, வாடை அடிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் ஜமக்காளத்தைத் தொடவே கூடாது. சரி, துவைத்தாயிற்று. மறுபடி அலசி ஸ்பின்னில் மட்டும் இரண்டு தடவை போடுங்கள். கொடியில் ஒரே மடிப்பாகத் தொங்கவிடாமல், இரண்டு நாற்காலியின் முதுகில் கூடாரம் மாதிரி விரித்து அடியில் காற்று போக இடம் விடுங்கள். ஃபேனை ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். நடுவில் ஒரு தடவை புரட்டுங்கள்.

கேள்வி: அத்தை ஜமக்காளத்தை மொட்டை மாடியில் போட்டு மிதித்துத்தான் துவைப்பார். மெஷினில் போட்டால் அழுக்கு போகாது என்று சண்டை. யார் சொல்வது சரி, தம்பி?

மாட்டிவிடுகிறீர்களே அக்கா. துவைப்பதில் அத்தைதான் சரி. ஒரே உருப்படியாகக் கிடக்கும் ஜமக்காளத்தின் நடு மடிப்புக்குள் மெஷின் எட்டாது, கால் எட்டும். ஆனால் நனைந்த ஜமக்காளத்தை இரண்டு பேர் பிடித்து முறுக்கிப் பிழிவது இடுப்புக்கு ஆகாத வேலை. அந்த ஒரு வேலைக்கு, எடை ஒத்துவந்தால், நன்றாக வடியவிட்டு மெஷின் ஸ்பின்னில் போடுங்கள். வளையமாகச் சுற்றி வைக்க மறந்துவிடாதீர்கள். தூக்கிக்கொண்டு கீழே வருவதற்கு வீட்டு ஆண்களைக் கூப்பிடுங்கள், அத்தையைப் படியேற்றி இறக்க வேண்டாம்.