ஆண்டெல்லை காட்டும் வேடிக்கை

கேள்வி: ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணப் புகையிலை வணிகம் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். ஜேஸ்டோர் (JSTOR) என்னும் ஆய்விதழ்த் தளத்தில் 1658–1795 என்று ஆண்டு எல்லை கொடுத்தால் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. எல்லையை எடுத்தால் ஆயிரக்கணக்கில் குவிகிறது. எங்கே பிழை?
– இறுதியாண்டு வரலாற்று மாணவி, கொக்குவில்

பதில்: அந்த எல்லை, கட்டுரை வெளியான ஆண்டுக்கானது, கட்டுரை பேசும் காலத்துக்கல்ல. நீங்கள் கொடுத்த ஆண்டுகளுக்கு 1665இல் தொடங்கிய லண்டன் றோயல் சொசைட்டி இதழ் போன்றவைதான் அகப்படும்! ஆய்வுக்காலத்துக்கெனத் தனிப்பெட்டி எப்ஸ்கோ (EBSCO) நிறுவனத்தின் ‘ஹிஸ்டோரிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்னும் வரலாற்றுக் கட்டுரைத் தேடுதளத்தில் உண்டு. அது 1450க்குப் பிந்திய வரலாற்றுக்கு மட்டுமே என்பதால் உங்களுக்குப் பொருந்தும். யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகளின் தொடக்ககாலத்தைத் தேடுபவருக்கு உதவாது.

குவிவதற்குக் காரணம் வேறு. ஜேஸ்டோர் அடிக்குறிப்பு வரை துழாவும். ஒரு பக்கத்தில் யாழ்ப்பாணமும் இருபது பக்கம் தள்ளிப் புகையிலையும் இருந்தாலே கட்டுரை வந்துவிடும். இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களை ஒரே இரட்டை மேற்கோளுக்குள் இட்டு, மூடிய குறியை ஒட்டி இடைவெளியின்றி ~10 என்று அடியுங்கள். பத்துச் சொல் தூரத்துக்குள் இரண்டும் வருபவை மட்டும் மிஞ்சும். நூல் மதிப்புரைகள் வேண்டாமென்றால், உருப்படி வகையில் கட்டுரையை மட்டும் தெரிவுசெய்யுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு ‘ஜஃப்னா’ (Jaffna) ஒன்றோடு நிற்கவேண்டாம். பழைய எழுத்துகளில் ‘ஜஃப்னபட்னம்’ (Jaffnapatnam), ‘ஜஃப்னபட்டாம்’ (Jaffnapatam) என்றும் வரும்; ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுங்கள். 1972க்கு முந்திய கட்டுரைகளில் நாட்டின் பெயர் ‘சிலோன்’. இன்னொன்று: நம் புகையிலை போய்ச்சேர்ந்த இடம் திருவிதாங்கூர். ‘ட்ராவன்கோர்’ என்று தேடாவிட்டால், மலையாளக் கரை வணிகத்தைப் பற்றி எழுதியவர்களின் கட்டுரைகள் பல உங்கள் கண்ணிலேயே படாது. அவற்றின் தலைப்பில் பெரும்பாலும் யாழ்ப்பாணம் இராது.

நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகிள் ஸ்கொலரில் அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறவுங்கள். தமிழில் வந்தவற்றுக்கு, ஈழத்து எழுத்துகளைத் திரட்டிவைத்துள்ள ‘நூலகம்’ இணையத்தளத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஜேஸ்டோரில் கட்டுரையின் முதற்பக்கம் மட்டும் தெரிகிறது, மிச்சத்துக்கு டொலரில் பணம் கேட்கிறது.
– ஆசிரியர், சுன்னாகம்

பதில்: அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் திறந்தால் 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம்; தரவிறக்க முடியாது, எல்லா இதழும் அடங்கவும் மாட்டாது. அடங்காதவற்றின் தலைப்பை கூகிள் ஸ்கொலரில் மேற்கோளுக்குள் இட்டு, பிற பதிப்புகளைப் பாருங்கள். ஆசிரியர் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாக ஏற்றியிருக்கக்கூடும். இலங்கை ஆய்விதழ்கள் பல ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளத்தில் காசின்றிக் கிடைக்கும். பல இதழ்களின் புதிய பகுதிகள் மூன்று முதல் ஐந்தாண்டு பிந்தியே ஜேஸ்டோருக்கு வருகின்றன. அண்மைக் கட்டுரையை அங்கே காணாவிட்டால் இதழின் சொந்தத் தளத்தில் பாருங்கள்.