மூதேவிக்கும் ஒரு மெடல்

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கும் மகனிடம் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தேன். அங்கே ஒரு கேம் சென்டரில், ‘மோமோதாரோ தென்தெட்சு’ என்று வீட்டில் குழந்தைகள் விளையாடும் வீடியோ கேமின் பெயரிலேயே மெடல் (காசு மாதிரி உலோக வில்லை) போட்டு ஆடும் பெரிய மெஷினைப் பார்த்தேன். சுற்றிலும் வயதானவர்கள் கப் நிறைய மெடலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெயித்த மெடலுக்குக் காசும் தரமாட்டார்களாம், பொருளும் தரமாட்டார்களாம். குழந்தைகள் விளையாட்டைச் சூதாட்டமாக்கி வைத்திருக்கிறார்களே, ஜப்பான் அரசு தூங்குகிறதா? (ஞாபகத்துக்கு ஒரு மெடல் கொண்டுவந்தேன். என் மேஜைமேல் இருக்கிறது.)
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருச்சி.

பதில்: காசும் கிடையாது, பொருளும் கிடையாது என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியில் சூதாட்டம் என்கிறீர்கள். பல்லாங்குழியில் சோழியை அள்ளிய அத்தையைச் சூதாடி என்பீர்களா?

அரசு தூங்கவில்லை. 1948இல் போட்ட ஒரு சட்டம் இரவுக் கேளிக்கைத் தொழில்களைக் கட்டுப்படுத்துகிறது. 1985 பிப்ரவரியிலிருந்து கேம் சென்டர்களும் அதற்குள் வந்துவிட்டன. ஆட்டத்தின் முடிவைப் பார்த்து வாடிக்கையாளருக்குப் பரிசு தரக்கூடாது என்பது அதன் முக்கியமான விதி. பொம்மை பிடிக்கும் கிரேன் மெஷினுக்கு மட்டும் போலீஸ் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது, அதுவும் சுமார் 1,000 யென்னுக்குள் அடங்கும் பொருளுக்கு. மெடலுக்கு அந்தச் சலுகைகூட இல்லை. யென் கொடுத்து மெடல் வாங்கலாம், ஆனால் மெடலைக் கொடுத்து யென் வாங்க முடியாது. சொல்லப்போனால் அதை ‘வாங்குவது’ என்பதே தப்பு. மெடல் கடையின் சொத்து, உங்களுக்கு இரவல். மிச்சமானால் அங்கேயே கணக்கில் போட்டு வைத்துவிட்டு, அடுத்த முறை வந்து எடுத்துக்கொள்ளலாம். ரொம்ப நாள் போகாவிட்டால் கணக்கு காலாவதியாகிவிடும். 18 வயது ஆகாதவர்களை இரவு பத்து மணிக்கு மேல் உள்ளே விடுவதில்லை.

தூக்கத்தைப் பற்றித்தான் கேட்கவேண்டும் என்றால் சின்ன இரும்புக் குண்டுகளை எய்து ஆடும் பச்சிங்கோ மெஷின் கடையைப் பற்றிக் கேட்டிருக்கலாம். அங்கே ஜெயித்த குண்டுகளுக்கு ஒரு சின்னப் பரிசுப்பொருள் தருவார்கள். கடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜன்னலில் அதை நீட்டினால் கையில் நோட்டு வரும். ஜன்னல்காரர் அதை ஒரு மொத்த வியாபாரிக்கு விற்பார், அவரிடமிருந்து அது மறுபடியும் கடைக்கே வந்து சேரும். மூன்று பேரும் தனித்தனி ஆட்கள், ஆகவே இது சூதாட்டம் இல்லை என்பது ஏற்பாடு. அந்த ஜன்னல் உங்கள் கண்ணில் படவில்லை, மெடல் மெஷின் பட்டுவிட்டது.

அந்த விளையாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘மோமோதாரோ தென்தெட்சு’வை உருவாக்கியவர் அகிரா சகுமா. குழந்தைகளுக்கான பிரபலமான வாரப் பத்திரிகை ஒன்றில் 1982 முதல் 1995 வரை வாசகர் பக்கத்தை நடத்தியவர். நம்ம தொழில்காரர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு பாசம் உண்டு. முதல் விளையாட்டு 1988இல் ஹட்சன் நிறுவனம் வழியாக, நின்டெண்டோவின் வீட்டு கேம் கருவியான ஃபேமிகாமில் வந்தது. இப்போது அது கொனாமி என்ற கேம் நிறுவனத்தின் கையில். நான்கு பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவரும் ஒரு ரயில் கம்பெனி முதலாளி. தாயம் உருட்டி ஜப்பான் வரைபடத்தில் ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர்க் கடைகளையும் தொழில்களையும் வாங்கவேண்டும். ஒவ்வொரு மார்ச்சிலும் கணக்கு முடிப்பு. சொன்ன ஊருக்கு முதலில் போய்ச் சேர்ந்தவருக்குப் பணம் கொட்டும். அந்த ஊருக்கு ரொம்பத் தூரத்தில் மாட்டிக்கொண்டவர் முதுகில் பிம்போகாமி என்ற தரித்திர சாமி ஏறிக்கொள்ளும். நம் மூதேவிதான், ஆண் வேஷத்தில். கேட்காமலே உங்கள் சொத்தை அடிமாட்டு விலைக்கு விற்கும், உதவாத சீட்டுகளை வாங்கித் தலையில் கட்டும். தப்பிக்கும் வழி, ஓடிப்போய் பக்கத்தில் இருக்கும் தம்பி மேல் அதை இறக்கிவிடுவது. முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த நாட்டில் அண்ணன் தம்பிகளுக்குள் மூண்ட சண்டைகளில் கணிசமான பங்கு இந்த சாமிக்குச் சேரும்.

2020இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கு வந்த பதிப்பு சக்கைப்போடு போட்டது. அதன் தலைப்பையே கொஞ்சம் திருகி மெடல் மெஷினுக்கு வைத்தார்கள். இடையில் 2023இல் பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாக ஒரு பதிப்பும் கொடுத்தார்கள், பிள்ளைகள் ஊர்ப்பெயரும் விளைபொருளும் கற்றுக்கொள்ளட்டும் என்று. ஆக ஒரே ரயில் வகுப்பறைக்கும் போகிறது, தாத்தாக்கள் உட்காரும் கேம் சென்டருக்கும் போகிறது. இதில் பதற எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த மெஷினுக்குள் முன்னும் பின்னும் நகரும் தட்டு, அதன்மேல் மெடல் குவியல், விளிம்பில் இதோ விழப்போகிறது என்று தொங்கும் நாலு மெடல்: இந்த ஏற்பாடு 1960களில் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் பென்னிக் காசை வைத்துப் பழகியது. போட்டதில் எத்தனை திரும்பி வரவேண்டும் என்பதைக் கடைக்காரர் உள்ளே அமைத்து வைக்கலாம். விளிம்பில் தொங்கும் மெடலைப் பார்க்கும் மனசுக்கு, அது காசா தகடா என்ற வித்தியாசம் தெரியாது, கை தானாக அடுத்ததைப் போடும். சூதாட்டத்தின் உடம்பு அப்படியே இருக்கிறது, பணத்தை மட்டும் சட்டம் உருவி எடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது பொழுது. அந்த முதியவர்கள் காசு கொடுத்து வாங்குவது அதைத்தான். நல்ல ஏசி, நாற்காலி, பக்கத்தில் தெரிந்த முகம். விலை கட்டுப்படியாகிறதா என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் ஒன்றை நான் ஒத்துக்கொள்கிறேன்: அந்த விளையாட்டு மெஷினுக்குப் போனதும் அதன் உயிர் பாதி போய்விடுகிறது. தம்பியின் முகம் தொங்குவதைப் பார்ப்பதற்காகத்தானே மூதேவியை அவன் தலையில் ஏற்றுகிறோம். கண்ணாடிக்குப் பின்னால் நகரும் தட்டுக்கு முகம் ஏது?

சரி, உங்கள் மேஜைமேல் இருக்கும் மெடலுக்கு வருவோம். அது கடையின் சொத்து என்று மேலேயே சொன்னேன். வெளியே எடுத்துப்போனால் திருட்டு. எடுத்துப்போக விட்டால் கடைக்காரருக்கும் மேலே சொன்ன 1948 சட்டத்தில் சிக்கல். சூதாட்டம் என்று நீங்கள் கோபப்பட்ட அந்த இடத்தில் சட்டத்தை மீறியவர், உங்கள் கடிதத்தின்படி, ஒரே ஒருவர்தான். மகனிடம் கொடுத்து, எடுத்த கடையிலேயே கவுன்டரில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வேறு கடை மெஷினில் போட்டுவிடப் போகிறார், அதற்கும் அங்கே தடை உண்டு.