தழும்பு முற்றிலும் மறையுமா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் தோளில் செய்த அறுவை சிகிச்சையின் தழும்பு சிவந்து தடித்திருக்கிறது; அரிக்கவும் செய்கிறது. லேசர் செய்துகொண்டால் சுவடே தெரியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையன்று. எந்தச் சிகிச்சையும் தழும்பை அடியோடு அழிப்பதில்லை. அதன் தடிப்பையும் சிவப்பையும் அரிப்பையும் குறைத்து, கண்ணை உறுத்தாதபடி செய்ய மட்டுமே முடியும். தழும்பு முதிர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், உங்களுடையது இன்னும் மாறிக்கொண்டிருக்கக்கூடும்.

முதலில் தெரிய வேண்டியது அதன் வகை. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்திருந்தால் அது காலப்போக்கில் ஓரளவு தானாகவே தணியலாம்; எல்லையைத் தாண்டிப் பரவினால் அது கீலாய்டு. தோள், மார்பு, காதுமடல் ஆகியவை கீலாய்டு எளிதில் வரும் இடங்கள். அதை வெறுமனே வெட்டி எடுத்தால், பெரும்பாலும் முன்னைவிடப் பெரிதாகவே திரும்பி வரும் என்பதால், அவசரப்பட்டு அதற்கு இசைய வேண்டாம்.

எளிய தொடக்கம் சிலிகான் ஜெல் பட்டை. நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதங்களாவது ஒட்டிவர வேண்டும். பலர் இரண்டே வாரங்களில் சலித்து விட்டுவிடுகிறார்கள். அது போதாதபோது, மிகுதியாகச் சேர்ந்த கொலாஜன் என்னும் புரதத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே சில வார இடைவெளிகளில் போடுவார்கள். அந்த இடத்தில் தோல் மெலிவதும் நிறம் வெளுப்பதும் அதன் பக்கவிளைவுகள். லேசர் பெரும்பாலும் இவற்றோடு சேர்ந்தே, பல அமர்வுகளில் பலன் தரும். கருமையான தோலில் நிறமாற்றம் ஏற்படக்கூடும் என்பதால் அனுபவமிக்க தோல் மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள்.

வைட்டமின் ஈ எண்ணெய் வேண்டாம். சிலருக்கு ஒவ்வாமைதான் மிஞ்சுகிறது.