செதில் சீவுவதா, தோலுரிப்பதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் மீன்பிடித் திருவிழா முடிந்ததும் உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டைகள் நிறையக் கிடைக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் குழம்பில் சேற்று வாடை வீசுகிறது. தோலை உரித்துவிட்டால் சரியாகுமா?
– வாசகி, மேலூர்

பதில்: பெருமளவு குறையும், ஆனால் குழம்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வாடைக்குச் சேறு நேரடிக் காரணம் அன்று. தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. கோடை மழையில் மண்ணிலிருந்து எழும் மணத்துக்கும் இதுவே காரணம். இப்பொருள் செவுள் வழியாக மீனின் உடலுக்குள் சென்று கொழுப்பில் தங்கிவிடுவதால், மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போவதில்லை. தோலிலும், தோலை ஒட்டிய கொழுப்பிலும், விலாவின் நடுவே வால்வரை ஓடும் சிவந்த சதையிலும், அடிவயிற்றிலும்தான் அது மிகுதியாக இருக்கும். இத்தனை சிறிய மீனைத் தோலில்லாமல் கொதிக்கும் குழம்பில் இட்டால் சதை உதிர்ந்து முள்ளே மிஞ்சும் என்பதால், தோலை வைத்துக்கொண்டு மற்ற இடங்களைத் திருத்தமாகச் சுத்தம் செய்வதே நல்லது.

முதலில் கத்தரிக்கோலால் முதுகுத் துடுப்பை வாலிலிருந்து தலைப்பக்கமாக வெட்டி எடுங்கள். முட்கள் வாலை நோக்கிச் சாய்ந்திருப்பதால் இத்திசையில் கத்தரி எளிதில் உள்ளே புகும், கையிலும் குத்தாது. செதிலையும் அதே திசையில், மீனைத் தண்ணீரில் அமிழ்த்தியபடி சீவினால் அடுக்களை முழுவதும் தெறிக்காது. காய்ந்துபோன மீனில் செதில் இறுகிவிடும். ஆகவே சீவும்வரை ஈரமாகவே வைத்திருங்கள். வயிற்றை ஆழமாகக் கீறாமல் மேலாகக் கீறுங்கள். பித்தப்பை உடைந்து பச்சை நிறம் படிந்தால், அந்தச் சதையை உடனே அரிந்து எறிந்துவிடுவதே வழி.

பலரும் கவனிக்காமல் விடுவது வயிற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைத்தான். கல் உப்பைத் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தால் அது உரிந்து வரும். நடுமுள்ளை ஒட்டி உறைந்திருக்கும் இரத்தத்தையும் நகத்தால் வழித்தெடுங்கள். தலையைச் சமைப்பதாக இருந்தால் செவுளைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள். பிறகு மஞ்சள்தூளும் உப்பும் கலந்த புளித்தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டு அலசுங்கள். புளிப்பு ஜியோஸ்மினைச் சிதைத்து வாடையைக் குறைக்கும் என்பதால், மோரும் எலுமிச்சைச் சாறும்கூட இதற்கு உதவும். நெடுநேரம் ஊறினால் சதை வெளுத்துக் குழைந்துவிடும்.

கேள்வி: விராலையும் கெளுத்தியையும் சாம்பல் போட்டு உரசுவது ஏன்? இப்போது வீட்டில் சாம்பல் இல்லையே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டின் உடலிலும் வழுவழுப்பு மிகுதி. சாம்பல் அதை உறிஞ்சிக்கொண்டு கைக்குப் பிடிமானமும் தருகிறது; கல் உப்பும் சிறிது புளியும் அதே வேலையைச் செய்யும். விராலுக்குச் செதில் உண்டு, கெளுத்திக்குக் கிடையாது. வறுப்பதற்கு விராலின் தோல் வேண்டாம் என்றால், தலைக்குப் பின்னால் சுற்றிலும் தோலை மட்டும் கீறி, ஓரத்தைத் துணியால் பற்றி வாலை நோக்கி இழுங்கள். சட்டையைக் கழற்றுவது போல ஒரே உரியாக வந்துவிடும்.

கெளுத்தியில் முதல் வேலை, முதுகில் ஒன்றும் செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றுமாக உள்ள மூன்று முட்களைக் குறட்டால் முறிப்பதுதான். அவற்றில் நஞ்சு உண்டு. தேளி மீனின் முள் இன்னும் கடுமையானது. குத்திவிட்டால், தோல் வெந்துவிடாதபடி தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் கையை அரை மணி நேரமாவது வைத்திருந்தால் வலி தணியும். வீக்கம் ஏறினாலோ முள் உள்ளே முறிந்திருந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் மினசோட்டாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஏரியில் ப்ளூகில் என்ற சிறு மீன்களைப் பிடித்து வருகிறான். அக்கம்பக்கத்தார் தோலை நீக்கிச் சதையை மட்டும் அரிந்தெடுத்துக்கொண்டு மீதியை எறிகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.
– வாசகி, மினசோட்டா

பதில்: உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் உண்டு. ஒரு ப்ளூகில்லின் இரு பக்கச் சதையையும் அரிந்தால் இரண்டு மூன்று வாய்க்குத்தான் வரும். குழந்தைகளுக்கு முள்ளில்லாமல் கொடுக்க அந்த முறை பொருந்தும். மற்றபடி முழு மீனாகவே சுத்தம் செய்யலாம். செதிலைச் சாதாரணக் கரண்டியின் விளிம்பாலேயே சீவிவிட்டு, தலையையும் குடலையும் நீக்கி, இருபுறமும் கீறல் போட்டு மசாலா தடவிப் பொரித்தால் தோல் மொறுமொறுவென்று இருக்கும்.

கோடையில், பாசி படர்ந்த ஆழமற்ற நீரில் பிடித்தவற்றில் சேற்று வாடை இருக்கும் என்பதால், அவற்றுக்கு மட்டும் தோலை உரியுங்கள். செதில் சீவ வேண்டியதில்லை. முதுகுத் துடுப்பின் இரு மருங்கிலும் வால்முதல் தலைவரை கீறி, துடுப்பைக் குறட்டால் தலைப்பக்கமாக இழுத்தால் அடிமுட்களோடு வந்துவிடும். பின்பு தலையை ஒட்டித் தோலைக் கீறி, ஓரத்தைக் குறட்டால் பற்றி வால்வரை இழுத்து, மறுபுறமும் அவ்வாறே செய்து, கடைசியில் தலையையும் குடலையும் நீக்குங்கள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளையிட்டுப் பிடிக்கும் மீனில் இந்த வாடை பெரும்பாலும் இராது; அதற்குத் தோலோடு பொரிப்பதே சுவை.