அந்தக் கொப்பி எங்கே, தம்பி?

கேள்வி: என் தங்கைக்கு 21 வயது. உயிரியல் பிரிவில் இரண்டு தடவை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்தும் மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி காணவில்லை. அப்பம்மா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் அவள்தான் பக்கத்தில் இருந்தாள், கொப்பியில் நேரம் எழுதி வைத்துத் திருப்பித் திருப்பிப் படுக்க வைப்பாள், அதனாலும் இரண்டாவது தடவை பெறுபேறு குறைந்திருக்கலாம். இப்போது எங்களுக்குச் சொல்லாமல் வர்த்தமானி பார்த்து அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதமும் வந்துவிட்டது. அப்பா அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. இரவு வேலை, கண்டவர்களையும் தொட்டுத் துடைக்கிற வேலை. சம்பந்தம் பேச வருபவர்கள் என்ன சொல்வார்கள்? காசு கட்டித் தனியார் நிறுவனத்தில் வேறு டிகிரி படிப்பிக்க நான் தயார். லண்டனில் நேர்ஸ் என்றாலாவது ஒரு மதிப்பு இருக்கும். இன்னும் பத்து வருடத்தில் இந்த வேலையை இயந்திரங்களே செய்யும் என்றும் சொல்கிறார்கள். அவள் மனதை எப்படி மாற்றுவது?
வங்கி உத்தியோகத்தர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்கு மாதத்துக்கு ஒன்றாவது வரும். ஒரு மாதம் அம்மா எழுதுவார், அடுத்த மாதம் மாமா எழுதுவார். இரவு வேலை, சம்பந்தம், நாலு பேர் என்ன சொல்வார்கள்; வரிசைகூட மாறாது. அதையெல்லாம் பிறகு பார்க்கலாம். மற்றவர்கள் எழுதாத ஒன்றை நீங்கள் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். கொப்பியில் நேரம் எழுதி வைத்துத் திருப்பினாள் என்கிறீர்கள்.

அந்தக் கொப்பி இப்போது எங்கே?

பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் இருந்தால் வீட்டில்தான் எங்காவது கிடக்கும். அதில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே ஓரளவு சொல்வேன். பத்து மணி, இடப்பக்கம். பன்னிரண்டு, வலப்பக்கம். இரண்டு, மல்லாக்க. நாலு, திரும்பவும் இடப்பக்கம். அசைய முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும் என்பது வார்டுகளில் காலகாலமாக இருக்கிற கணக்கு. குதிக்கால், இடுப்பு, முதுகின் அடிப்பக்கம் என்று எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் உடம்பின் பாரமே இரத்தம் ஓடவிடாமல் அடைக்கும். முதலில் தோல் சிவக்கும். விரலால் அமத்திப் பார்த்தாலும் அந்தச் சிவப்பு மறையாது. அப்போதும் கவனிக்காமல் விட்டால் தோல் உடையும், பிறகு குழி விழும்.

உங்கள் அப்பம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்ததா? கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. வந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். அந்த மணத்தை மறந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கள் மாமிக்கு வந்தது. மூன்று மருமகள்மார் இருந்த வீடு. நீ திருப்பியிருப்பாய் என்று நானும், நான் திருப்பியிருப்பேன் என்று மற்றவர்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். சாம்பிராணி போட்டும் அடங்காத ஒரு மணம் வந்த பிறகுதான் புரட்டிப் பார்த்தோம். உள்ளங்கை அளவுக் குழி. பாசத்துக்குக் குறைவில்லாத வீடுதான். கொப்பி போட ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

யாரும் படிப்பிக்காமல் உங்கள் தங்கைக்கு அது தோன்றியிருக்கிறது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் நமக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கும் படம்தான் ஞாபகம் வரும். அந்த அம்மா கிரிமியப் போருக்குப் பிறகு செய்த பெரிய காரியம், காயத்தால் செத்த சிப்பாய்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்று கணக்குப் போட்டு, வரைபடமாக வரைந்து காட்டியது. தாதியர் தொழில் அப்போதிருந்தே எழுதி வைக்கிற தொழில்தான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். சாமம் இரண்டு மணிக்கு அந்த வீட்டில் வேறு யார் விழித்திருந்தார்கள்? காலையில் உங்களுக்கு வங்கி, சரி. அவளுக்குச் சோதனை இருக்கவில்லையா? ‘அதனாலும் குறைந்திருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘லாம்’ யாருக்காக? ஏழு மாதம் இரவு நித்திரை இல்லாத பிள்ளைக்குப் புள்ளி குறையாமல் வேறென்ன செய்யும்?

பெற்றவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் கடைசி வரை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள் நான். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அப்பம்மா உங்கள் அப்பாவின் தாய். கடமை முதலில் மகனுக்கு, அடுத்தது பேரனுக்கும் பேத்திக்கும் சமமாக. அதைத் தூக்கி ஒரு பிள்ளையின் தலையில் வைத்தீர்கள். வீட்டுக்குள் சும்மா செய்தபோது அவள் குணமான பிள்ளை. அதையே முறையாகப் படித்துச் சம்பளத்துக்குச் செய்யப் போகிறேன் என்றதும் குடும்ப மானம் போகிறது. ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி என்று சும்மாவா சொன்னார்கள்? இதற்கு என்னிடம் இன்னொரு சொல்லும் இருக்கிறது, ஆசிரியர் அச்சிட மாட்டார்.

லண்டன் என்றால் மதிப்பு என்கிறீர்கள். அங்கேயும் துடைக்கத்தான் வேண்டும், தம்பி. அது குறுக்குவழியும் கிடையாது. இங்கே பதிவு பெற்ற தாதியாக இருந்து, ஆங்கிலத் தேர்வு எழுதி, கணினியில் ஒரு பரீட்சை, ஆட்களுக்கு முன்னால் செய்து காட்டும் இன்னொரு பரீட்சை எல்லாம் தாண்டினால்தான் அங்கே பதிவு. நேர்ஸிங் என்று பலகை போட்ட ஏதாவது தனியார் இடத்தில் காசு கட்டுகிற யோசனை வந்தால், அந்தச் சான்றிதழை வைத்து இலங்கைத் தாதியர் பேரவையில் பதிய முடியுமா என்று பேரவையிடமே கேளுங்கள், வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளையிடம் கேட்க வேண்டாம்.

அவள் தெரிந்தெடுத்த வழியில் நீங்கள் கட்டணம் கட்டவே தேவையில்லை. மூன்று வருட டிப்ளோமா, படிக்கும்போதே கொடுப்பனவு, முடிந்ததும் அரசாங்க வேலை. பட்டம்தான் முக்கியம் என்றால், பதிவு பெற்ற தாதியருக்குத் திறந்த பல்கலைக்கழகம் 1990களில் இருந்தே பட்டப்படிப்பு நடத்துகிறது. நேரடியாக நாலு வருடம் படிக்கவும் கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் இடம் இருக்கிறது.

இயந்திரக் கதையை விடுங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று நிரப்பும் மெத்தை வந்து எத்தனை வருடம்? அதில் படுத்தவரையும் ஒரு ஆள் வந்து திருப்பத்தான் வேண்டும். 2012 கணக்கெடுப்பிலேயே இந்த நாட்டில் எட்டில் ஒருவர் அறுபது வயதோ அதற்கு மேலோ ஆனவர். உங்கள் வெள்ளவத்தையிலேயே காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கிப் பாருங்கள். மாடிவீடுகளில் அப்பாவும் அம்மாவும் தனியாக, பிள்ளைகள் லண்டனிலும் டொரண்டோவிலும், நடுவில் நாள் சம்பளத்துக்கு ஒரு பெண். இரத்த அழுத்தம் பார்க்கத் தெரியாத பெண்ணாகவும் இருக்கும். உலக அளவில் 58 லட்சம் தாதியர் குறைவு என்று உலக சுகாதார அமைப்பு 2025 அறிக்கையில் கணக்குச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கொழும்பில் ஒரு வார்டில் நான் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் தோட்டப் பகுதியில் இருந்து வந்த ஒரு பாட்டி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “அடைக்குது மிஸ், அடைக்குது” என்றார். அந்த நேர்ஸுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அது நெஞ்சு எரிவதாகத்தான் விளங்கியது. பயிற்சியில் இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை ஓடிவந்து சொன்ன பிறகுதான் ஈசிஜி எடுத்தார்கள். எரிவதற்கும் அடைப்பதற்கும் நடுவில் ஒரு உயிர் இருந்தது. உங்கள் தங்கை அந்த இடத்தில் நிற்கப் போகிறவள்.

சம்பந்தம்? நேர்ஸ் வேண்டாம் என்கிற மாப்பிள்ளை வந்த வழியே போகட்டும்.

நேர்முகத்துக்கு அவளை யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று எழுதவில்லை. அன்று லீவு போடுங்கள். சான்றிதழ்களின் மூலப் பிரதிகளை முதல் நாளே எடுத்து வையுங்கள். பிணைப்பத்திரம் கேட்டால் முழுதாக வாசித்துவிட்டுப் பிணையாளியாகக் கையெழுத்து வையுங்கள், வங்கி உத்தியோகத்தரின் கையெழுத்து எடுபடும்.

அதற்கு முன்னால் அந்தக் கொப்பியைத் தேடுங்கள். கிடைத்தால் அப்பாவின் கையில் கொடுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் முதல் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும்.